ஆகாய எஞ்சினும் தரை லாரியும்

ஒரு வேலைக்கென்று செய்யப்பட்ட இயந்திரத்தை மற்றொரு வேலைக்குத் திருப்பிக்கொள்வது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. கிணற்றடியில் நீர் இறைத்துவந்த டீசல் எஞ்சின் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக்கு வந்து கதிரடிக்கிறது. ஒரு பட்டறையில் கழித்த மோட்டார் இன்னொரு பட்டறையில் பாவு சுற்றுகிறது. “சக்தி ஒன்றுதானே, எதில் பூட்டினால் என்ன?” என்று கேட்கும் அங்கத்தினர்களைச் சங்க மேற்பார்வைக்குச் செல்லும் ஊர்களில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். இக்கேள்விக்கு ஒரு விளையாட்டுச் சாதனத்தைக் கொண்டு விடை காண இக்கட்டுரையில் முற்படுகிறோம். பெரிய எஞ்சினில் கணக்குத் தவறினால் சங்கத்தின் பணம் பல்லாயிரம் ரூபாய் வீணாகும். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின் அதே பாடத்தைச் சிறு செலவில் கற்பிக்கும்.

அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் சிறு விமானங்களையும் சிறு லாரிகளையும் செய்து, கையிலுள்ள ரேடியோப் பெட்டியினால் தூரத்திலிருந்தே ஓட்டும் பொழுதுபோக்கு நெடுநாளாக வேரூன்றியுள்ளது. சிறுவர் மட்டுமின்றி, லேத்து வேலையும் ரம்ப வேலையும் அறிந்த பெரியவர்களும் இதில் ஈடுபடுகின்றனர். அவர்களுள் சிலர், விமானத்திற்கென்று செய்த நான்கு வீச்சு எஞ்சினை எடுத்து லாரியில் பூட்டிப் பார்க்க ஆசைப்படுகின்றனர். அதைப் பூட்டுவது எவ்வாறு, அதற்கு என்னென்ன வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சி.

இரு வகை எஞ்சின்கள்

இச்சிறு எஞ்சின்களில் பெட்ரோல் எரிவதில்லை, மெத்தனால் எரிகிறது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரே ஆர்டன் ‘குளோ பிளக்’ என்னும் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் பிளாட்டினம் கலந்த நுண்ணிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் பாட்டரியினால் அது சூடாக்கப்படுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின்மீது பட்டு உண்டாகும் வெப்பமும், முன் நிகழ்ந்த வெடிப்பின் வெப்பமும் சேர்ந்து சுருளை அணையாமல் காக்கின்றன. பொறி உண்டாக்கும் காயிலையும் பாட்டரியையும் சுமக்க வேண்டிய அவசியம் இதனால் நீங்கிற்று. சிறு விமானங்களுக்கு இது பெரும் வரமாயிற்று.

அக்காலத்துச் சிறு எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை இரு வீச்சு எஞ்சின்கள். பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்கினால் ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடும். வால்வுகள் இல்லை, சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகளே கதவுகள். அமைப்பு எளிது, சக்தி மிகுதி, இரைச்சலும் மிகுதி. ஜப்பானின் ஓசாகா நகரில் 1936-இல் ஷிகேயோ ஒகாவா தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம், 1976-இல் எப்.எஸ்.-60 என்னும் நான்கு வீச்சு எஞ்சினை வெளியிட்டது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 10 கன சென்டிமீட்டர். தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்து விற்கப்பட்ட மாதிரி விமான நான்கு வீச்சு எஞ்சின்களுக்கு இதுவே முன்னோடி. பின்னர் சைட்டோ என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனமும் இத்துறையில் புகழ் பெற்றது.

விசைத்தறி நெசவாளர்க்கு நான்கு வீச்சு எஞ்சினை விளக்குதல் எளிது. சாதாரண விசைத்தறியில் மேலே உள்ள கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஊடை விழுகிறது. கீழ்த்தண்டோ, மேல்தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்றே சுற்றுகிறது. அதன் பற்சக்கரத்தில் மேல்தண்டினதைப் போல் இருமடங்கு பற்கள். கீழ்த்தண்டின் மேலுள்ள டேப்பட்டுகளே முறைவைத்துப் பாவைத் திறந்து, நாடாவை ஒருமுறை வலமிருந்தும் ஒருமுறை இடமிருந்தும் எறிவிக்கின்றன. நான்கு வீச்சு எஞ்சினிலும் கணக்கு இதுவேயாகும். கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுற்றும் கேம் தண்டு, காற்று புகும் வால்வையும் புகை போகும் வால்வையும் முறைவைத்துத் திறக்கிறது. உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றுதல் என நான்கு வீச்சுகள் முடிய இரண்டு சுற்றுகள் ஆகின்றன. எனவே ஒன்றுவிட்டு ஒரு சுற்றில்தான் வெடிப்பு.

வெடிப்புப் பாதியாகக் குறைவதால் ஒரே கொள்ளளவில் சக்தியும் குறைகிறது. 6.5 கன சென்டிமீட்டர் இரு வீச்சு எஞ்சின் பூட்டும் விமானத்திற்கு, 8.5 முதல் 10 கன சென்டிமீட்டர் வரையுள்ள நான்கு வீச்சு எஞ்சினைத் தேடுவது விமானக்காரர் வழக்கம். அதற்கு ஈடாக எரிபொருள் மிச்சமாகிறது. ஓசை தணிந்து, பெரிய வண்டியின் ஓசையைப் போல் காதுக்கு இனிதாகிறது. குறைந்த வேகத்தில் பெரிய விசிறியைச் சுழற்றும் ஆற்றலும் கிட்டுகிறது. லாரிக்காரர் இதன்மேல் ஆசைகொள்வதற்கு இக்குணங்களே காரணம்.

லாரியின் இயல்பு

ரேடியோ லாரிகளுள் டிராக்சஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1999-இல் வெளியிட்ட டி-மாக்ஸ் பெயர் பெற்றது. 2.5 கன சென்டிமீட்டர் இரு வீச்சு எஞ்சின், இரண்டு வேகப் பற்சக்கரப் பெட்டி, பின்னோக்கிச் செல்லும் அமைப்பு, நான்கு சக்கரங்களுக்கும் விசை ஆகியவை அதில் உண்டு. இத்தகைய லாரி எஞ்சின்கள் நிமிடத்திற்கு 30,000 சுற்று அளவுக்கும் ஓடக்கூடியவை. விமான நான்கு வீச்சு எஞ்சினோ, விசிறியுடன் 10,000 முதல் 12,000 சுற்று வரை ஓடுமாறு அமைக்கப்பட்டது. சங்கடங்கள் பலவற்றுக்கும் வித்து இவ்விரு எண்களின் வேற்றுமையே.

விசிறி செய்துவந்த நான்கு வேலைகள்

விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி விமானத்தை முன்னே இழுப்பதற்கு என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். அந்த வேலைக்கு அப்பால், எஞ்சினுக்கென்றே அது நான்கு ஊழியங்களைக் கூலியின்றிச் செய்துவருகிறது.

முதலாவது, அது எஞ்சினுக்குத் தகுந்த சுமை. காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் எஞ்சின் அளவுக்கு மேல் ஓட முடியாது. இரண்டாவது, அதுவே கனச்சக்கரம். வெடிப்பு இல்லாத வீச்சுகளில் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. மூன்றாவது, அதுவே குளிர்விக்கும் காற்று. சிலிண்டரின் மேல் ஓயாது வீசுகிறது. நான்காவது, அதுவே தொடக்கும் கைப்பிடி; அதைச் சுண்டியோ, அதன் நடுக்குமிழில் மின் தொடக்கியை வைத்து அழுத்தியோ எஞ்சினை ஓடச் செய்கின்றனர். ஐந்தாவதாக ஒரு கொடை ஆகாயத்தினுடையது: அங்கே தூசி இல்லை.

எஞ்சினைக் கழற்றி லாரியில் வைக்கும்போது விசிறி விமானத்தோடு நின்றுவிடுகிறது. அது செய்துவந்த நான்கு ஊழியங்களையும், ஆகாயம் தந்த தூய காற்றையும் நாமே தனித்தனியாக ஈட்ட வேண்டும். இதை உணராதவர், எஞ்சினை நான்கு திருகாணியால் இறுக்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவர். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கனச்சக்கரமும் கிளச்சும்

தக்ளியில் நூல் நூற்றவர்க்கு அதன் அடிவட்டின் அருமை தெரியும். வட்டைக் கழற்றிய வெறுங்குச்சி, சுண்டிவிட்ட மறுகணமே நின்றுவிடும். விசிறியை இழந்த எஞ்சினின் நிலையும் அதுவே. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பே உடைய நான்கு வீச்சு எஞ்சினுக்குக் கனச்சக்கரம் இன்னும் இன்றியமையாதது. ஆகவே விசிறி இருந்த தண்டின் முனையில் எஃகிலோ பித்தளையிலோ கடைந்த சக்கரம் ஒன்றைப் பொருத்துகின்றனர். பிளந்த கூம்பு வளையம் ஒன்றைத் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே செருகி மரையை இறுக்கினால், வளையம் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் இம்மியளவு கோணினாலும் எஞ்சின் உதறும். உதறல் முதலில் திருகாணிகளையும் பின்னர்த் தாங்கிகளையும் தின்றுவிடும்.

கனச்சக்கரத்தின் மேல் கிளச்சு அமைகிறது. விமானத்திற்குக் கிளச்சு வேண்டியதில்லை. எஞ்சின் மெல்ல ஓடும்போது விசிறியும் மெல்லச் சுற்றும், அவ்வளவே. லாரி நிற்கும்போதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சக்கரங்கள் அசையாதிருக்க வேண்டும். லாரியின் கிளச்சில் வில்லினால் இழுத்துக் கட்டப்பட்ட சிறு கட்டைகள் உள்ளன. வேகம் ஏறியதும் அவை வெளியே விரிந்து, மேலுள்ள மணி போன்ற உறையைப் பற்றுகின்றன. அந்த விரியும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்றில் ஒரு பங்கானால் விசை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

இதன் விளைவைக் கவனிப்போம். 30,000 சுற்று ஓடும் எஞ்சினுக்காக, 10,000 சுற்றளவில் பற்றுமாறு வில் வைத்த கிளச்சு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதை 11,000 சுற்றே ஓடும் எஞ்சினில் வைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் தன் முழு வேகத்தை எட்டும் தறுவாயில்தான் கிளச்சு அரைகுறையாகப் பற்றும்; வழுக்கி வழுக்கிக் கருகும். ஆகவே வில்லை இளக்கி, கட்டைகளைக் கனமாக்கி, 4,000 சுற்றளவில் பற்றுமாறு செய்தல் வேண்டும். எஞ்சினோ 2,000 முதல் 2,500 சுற்றில் நிதானமாக நின்று ஓடப் பழக வேண்டும்.

பற்சக்கரக் கணக்கு

இராட்டையில் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் கதிர் பலமுறை சுற்றுகிறது. லாரியில் இது தலைகீழ். எஞ்சின் பலமுறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றுகிறது. எத்தனை முறை என்பதே கேள்வி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

லாரிச் சக்கரத்தின் விட்டம் 15 சென்டிமீட்டர் எனின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 47 சென்டிமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் செல்ல, சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 1,415 சுற்றுச் சுற்ற வேண்டும். எஞ்சின் 30,000 சுற்று ஓடினால் விகிதம் 21.2-க்கு 1. இதில் கிளச்சு மணியின் 15 பல்லும், அதனோடு கோத்த பெரிய சக்கரத்தின் 60 பல்லும் சேர்ந்து 4 மடங்கும், உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் 5.3 மடங்கும் குறைப்பதாகக் கொள்வோம். இப்போது 11,000 சுற்று எஞ்சினை அப்படியே வைத்தால் லாரியின் உச்ச வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட ஆகாது. எஞ்சின் கதறும், வண்டி ஊரும்.

மணிக்கு 30 பல்லும், பெரிய சக்கரத்திற்கு 45 பல்லும் வைத்தால் விகிதம் 7.95-க்கு 1 ஆகி, வேகம் 39 கிலோமீட்டருக்கு உயரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 15-ம் 60-ம் சேர்ந்து 75. 30-ம் 45-ம் சேர்ந்தும் 75. பல்லின் அளவு மாறாமல் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால், இரு சக்கரங்களின் நடுத்தூரமும் மாறாது. எஞ்சினை நகர்த்தி வைக்கும் தொல்லை இல்லை.

ஆனால் பேராசை கூடாது. வேகத்தை மீட்கலாம், இல்லாத சக்தியைப் பற்சக்கரத்தால் உண்டாக்க இயலாது. சக்தி குறைந்த எஞ்சினிடம் பழைய வேகத்தைக் கேட்டால் மேட்டில் திணறி நிற்கும். 24 பல்லுக்கு 51 பல் வைத்து, மணிக்கு 28 கிலோமீட்டர் போதும் என்று அமைவதே அறிவுடைமை. அக்கூட்டுத்தொகையும் 75 என்பதைக் காண்க.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விமான விசிறி எஞ்சின் தண்டை நேர் முன்னோக்கி இழுப்பது. பற்சக்கரமோ தண்டைப் பக்கவாட்டில் தள்ளுவது. ஆகையால் கிளச்சு மணி முன்தாங்கிக்கு எவ்வளவு அருகில் அமைகிறதோ அவ்வளவு நன்று. தண்டு நீண்டு வெளியே துருத்திநின்றால் தாங்கி விரைவில் தேயும்.

குளிர்ச்சியும் தூசியும்

லாரிக்கென்று செய்த இரு வீச்சு எஞ்சினின் தலையில், அடுக்கடுக்கான தகடுகள் கொண்ட பெரிய அலுமினியக் கிரீடம் ஒன்று இருக்கும். வெப்பத்தைக் காற்றில் விடுவது அதன் வேலை. நான்கு வீச்சு எஞ்சினின் தலையில் வால்வுகளும் அவற்றை அழுத்தும் நெம்புகோல்களும் குடிகொண்டிருப்பதால் அத்தகைய கிரீடத்திற்கு இடமில்லை. விசிறிக் காற்றும் போய்விட்டது. லாரி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று ஓரளவு உதவும். மெல்ல ஏறும்போதுதான் வெப்பம் மிகும், அப்போது எதிர்க்காற்றும் இராது.

இதற்கு வழி முன்னமே உண்டு. மாதிரி ஹெலிகாப்டரின் எஞ்சினுக்கும் முகத்தில் விசிறி கிடையாது. அங்கே எஞ்சின் தண்டிலேயே சிறு விசிறிச் சக்கரம் வைத்து, தகட்டு உறையினால் அக்காற்றைச் சிலிண்டரின் மேல் திருப்புகின்றனர். லாரியிலும் கனச்சக்கரத்தோடு அத்தகைய விசிறியை இணைத்து உறை அமைத்தல் தகும். மேலுடலின் முன்னும் பின்னும் திறப்பு வைக்க வேண்டும். காற்று புக வழியிருந்து போக வழியில்லையேல் பயனில்லை. நான்கு வீச்சு எஞ்சின் உயரமானது. ஆகவே மேலுடலை வெட்டத்தான் நேரும்.

தூசியைப் பற்றி உழவர்க்கும் நெசவாளர்க்கும் சொல்ல வேண்டுவதில்லை. விமானத்தின் கார்புரேட்டர் வாய்க்கு மூடி கிடையாது. அதே வாய் தரைக்கு ஒரு சாண் உயரத்தில், நான்கு சக்கரங்கள் கிளப்பும் புழுதியின் நடுவே திறந்திருந்தால் என்னாகும்? புகுந்த மண் எண்ணெயோடு குழைந்து சாணைப்பிடிக்கும் பசையாகிறது. பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் சில மணி நேரத்திலேயே தேய்ந்துவிடும். எண்ணெயில் நனைத்த பஞ்சு வடிகட்டி ஒன்றைக் கார்புரேட்டர் வாயில் இறுக்கிக் கட்டுவது தவிர்க்கலாகாத செலவு. வடிகட்டி காற்றைச் சிறிது தடுப்பதால் எரிபொருள் ஊசியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

வால்வின் கண்டிப்பு

விமானத்தில் சுமை ஒருபோதும் விலகாது. லாரியோ மேட்டில் துள்ளி அந்தரத்தில் எழும்பும். அக்கணத்தில் சக்கரங்களுக்குப் பிடிப்பில்லை, எஞ்சினுக்குச் சுமையில்லை. ஓட்டுபவர் முடுக்கியை விடாவிட்டால் எஞ்சின் எல்லை கடந்து பாயும். இரு வீச்சு எஞ்சின் அதனைப் பொறுக்கலாம். நான்கு வீச்சு எஞ்சினில் வால்வை மூடும் வில் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். வால்வு மூடுமுன் பிஸ்டன் மேலே வந்துவிட்டால் இரண்டும் மோதும். எனவே இத்தகைய லாரி துள்ளி விளையாடுவதற்கு ஏற்றதன்று. மேடு ஏறவும், சுமை இழுக்கவும், நிதானமாக ஓடவும் ஏற்றது.

வால்வின் இடைவெளியையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது அடிக்கடி அளந்து பார்த்தல் வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் அது 0.04 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு தலைமயிரின் கனம். அதற்குரிய தகட்டு அளவி இன்றி விரல் நிதானத்தில் செய்யும் வேலையன்று இது.

ஆமணக்கெண்ணெயும் மெத்தனாலும்

எரிபொருள் விஷயத்திலும் விமானத்தின் வழக்கத்தையே பின்பற்ற வேண்டும். மெத்தனாலோடு நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்ததே இவ்வெரிபொருள். லாரிக்காரர் பயன்படுத்தும் கலவையில் பொதுவாக நைட்ரோமீத்தேன் மிகுதி, எண்ணெய் குறைவு. நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கசிந்துவரும் எண்ணெயே கிராங்க் தண்டுக்கும் கேமுக்கும் உயவாகிறது. ஆகையால் லாரிக் கலவையை ஊற்றினால் எஞ்சின் வறண்டு கெடும். அடியிலுள்ள மூச்சுக் குழாயையும் அடைக்கலாகாது. குளோ பிளக்கிலும் நான்கு வீச்சுக்கென்றே தனி வகை உண்டு. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைநேரம் மிகுதியாதலால் சுருள் அதிக நேரம் சூட்டைத் தாங்கி நிற்க வேண்டும்.

அந்த எண்ணெயில் நம் உழவர்க்கு ஒரு பெருமை உண்டு. இக்கலவைகள் பலவற்றில் சேர்வது ஆமணக்கெண்ணெய். அது மெத்தனாலில் நன்கு கரையும்; கடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு எளிதில் விலகாது. முதல் உலகப் போர்க் காலத்துச் சுழல் விமான எஞ்சின்களும் ஆமணக்கெண்ணெயையே குடித்தன. காஸ்ட்ரால் என்னும் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. உலகின் ஆமணக்கு விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவினுடையது; அதில் பெரும்பங்கு குஜராத்தினது. நம் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. வரப்பில் நிற்கும் செடி ஆகாய எஞ்சினுக்கு உயவளிப்பதை நம் அங்கத்தினர் அறிதல் நலம்.

மெத்தனாலைப் பற்றியோ கடுமையாகச் சொல்ல வேண்டியுள்ளது. அது கொடிய நஞ்சு. சிறிதளவு உட்கொண்டாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் உடலில் ஏறும். அதன் தழல் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாம் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். வீட்டுச் சிறுவர் எவரேனும் இவ்விளையாட்டை விரும்பினால், இன்று பெருவழக்காகிவிட்ட மின்மோட்டாரும் பாட்டரியும் கொண்ட வண்டியை வாங்கித் தருவதே நன்று.

பூட்டும் முறை

இவற்றையெல்லாம் ஆய்ந்தபின் பூட்ட முனைவோர் செய்யும் ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுவோம். எஞ்சினை முதலில் விசிறியுடனேயே பெஞ்சில் இறுக்கி ஓட்டிப் பதப்படுத்துவர். எஞ்சினின் குணத்தை அறிய அதுவே தக்க இடம். பின்னர் அலுமினியக் கட்டைகளை லாரியின் அடித்தட்டில் பொருத்தி, எஞ்சினின் இருபக்கச் செவிகளை அவற்றின்மேல் அமர்த்துவர். பற்கள் ஒன்றோடொன்று நெருக்கமின்றிக் கோக்கின்றனவா என்று கையால் சுற்றிப் பார்ப்பர். தொடக்குவதற்காக அடித்தட்டில் ஒரு பிளவு வெட்டி, கீழிருந்து ரப்பர்ச் சக்கரம் கனச்சக்கரத்தைத் தொட்டுச் சுழற்றுமாறு செய்வர். முடுக்கியையும் தடையையும் ஒரே நெம்புகோலில் இணைப்பர். விடும்போது எஞ்சின் தணிந்து, மேலும் இழுத்தால் தடை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பின்னும் எரிபொருளை வடித்துத் துருத்தடை எண்ணெய் விடுவர். மெத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தாங்கிகளைத் துருவேற்றும்.

இம்மாற்றம் வெறும் பகற்கனவன்று. ஓ.எஸ். நிறுவனமே தன் 4.3 கன சென்டிமீட்டர் விமான நான்கு வீச்சு எஞ்சினைக் கார்களுக்கென்று திருத்தி, எப்.எஸ்.-26 எஸ்-சி என்னும் பெயரில் விற்றது. ஆயினும் லாரி உலகில் இரு வீச்சு எஞ்சினை அது வெல்லவில்லை. உடன் சேர வேண்டிய உறுப்புகளும் உழைப்பும் எஞ்சினின் பயனைக் காட்டிலும் மிகுதி என்று பலர் கருதியதில் வியப்பில்லை.

நம் சங்கங்களுக்கு

இனி நம் களத்துமேட்டுக்கு வருவோம். நீரினால் குளிரும் பம்பு எஞ்சின்களில் பல, தாம் இறைக்கும் நீரில் ஒரு சிறு பங்கைத் தம் சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டே குளிர்பெறுகின்றன. பம்பு அவ்வெஞ்சினுக்குச் சுமையாகவும் இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. விமானத்திற்கு விசிறி எப்படியோ, அப்படியே. அதைப் பெயர்த்துக் கதிரடிக்கும் பொறிக்குப் பட்டை பூட்டும்போது, குளிர்நீருக்குத் தனிப் பீப்பாய் வைக்க எத்தனை பேர் எண்ணுகின்றனர்? களத்தின் பதரும் தூசியும் கிணற்றடியில் இல்லாதவை. காற்று வடிகட்டி அங்கே எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவப்படுகிறது? எஞ்சின் 1,500 சுற்றுச் சுற்றி, பொறிக்கு 600 சுற்றே வேண்டுமாயின், 15 சென்டிமீட்டர் கப்பிக்கு எதிரே 37.5 சென்டிமீட்டர் கப்பி வேண்டும் என்ற கணக்கை யார் போடுகின்றனர்?

ஆகவே பழைய எஞ்சினையோ மோட்டாரையோ வேறு வேலைக்கு வாங்கக் கடன் கேட்டு மனு வரும்போது, நிர்வாகக் குழுவினர் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பழைய வேலையில் இதன் சுமை என்ன, புதிய சுமை அதற்கு ஒத்ததா? இதைக் குளிர்வித்தது எது, இனி எது? பழைய வேகம் எவ்வளவு, புதிய பொறி கேட்பது எவ்வளவு? பழைய இடத்துக் காற்று எத்தகையது, புதிய இடத்துத் தூசிக்குத் தடை என்ன? சுழலும் சக்கரத்துக்கும் பட்டைக்கும் காப்பு உண்டா? இவ்வைந்துக்கும் விடை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை எஞ்சின் விலையோடு கூட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். மலிவு என்று தோன்றிய எஞ்சின் அப்போது மலிவாகவும் இருக்கலாம். புதியதைவிட விலை மிகுந்ததாகவும் இருக்கலாம்.

மாற்றுவேலையை நாம் தடுக்கவில்லை. பழையதைப் பயன்படுத்தும் சிக்கனம் கூட்டுறவின் உயிர்நாடி. ஆனால் எஞ்சின் எந்த இடத்திலிருந்து வருகிறதோ, அந்த இடம் அதற்குச் செய்துவந்த ஊழியங்களும் உடன் வந்தாக வேண்டும். வாரா எனின் அவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இயந்திரக் கடன் பற்றிய பொருள் வருமுன், தத்தம் ஊரில் ஓடும் எஞ்சின் ஒன்றின் அருகே சென்று, அதனோடு பூட்டியுள்ள பொறி அதற்கு என்னென்ன செய்துதருகிறது என்பதை அங்கத்தினர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.